பிள்ளை எவடம்?



ஆவணித் திருவிழாக் காலம். மடுக் கோவில் வளவில் ஒரு மரத்தடியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், தண்ணீர் எடுக்க வந்த இளம்பெண்ணைப் பார்த்து, "பிள்ளை எவடம்?" என்று கேட்டார். பெண் திகைத்துப் போனாள். பெற்றோர் பேசாலை, 1990இல் படகேறியவர்கள். இவள் பிறந்தது மண்டபம் முகாமில். படித்தது ஜெர்மனியில். வேலை பார்ப்பது இலண்டனில். இதில் எதைச் சொல்வது? "இலண்டன்" என்றாள். "அது சரி பிள்ளை, உண்மையா எவடம்?" என்றார் ஆச்சி. இலண்டனிலும் இதே கதைதானாம். ஜெர்மனி என்று சொன்னால், அதற்கு முன் எங்கே என்று கேட்கிறார்களாம். எங்கே போனாலும் அவளுடைய மறுமொழி போதவில்லை.

நம் ஆண்டவருக்கும் இக்கேள்வி வந்தது. அவர் பிறந்தது பெத்லகேமில். கைக்குழந்தையாகவே சூசையப்பரும் மரியன்னையும் அவரை எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வளர்ந்தது நாசரேத்தில், பின்பு குடியிருந்தது கப்பர்நாகூமில். நாசரேத்து என்றதும் நத்தனயேல் ஏளனமாகப் பேசினார். கலிலேயர் என்றதும் பிலாத்து, வழக்குத் தன்னை விட்டால் போதுமென்று ஏரோதிடம் அனுப்பிவைத்தான். பிறகு அதே பிலாத்து அவர் எங்கிருந்து வந்தவர் என்று கேட்டபோது, இயேசு வாய் திறக்கவில்லை என அருளப்பர் எழுதுகிறார். தள்ளிவிடுவதற்காக ஊர் கேட்பவனுக்கு என்ன மறுமொழி சொல்வது?

அன்றிரவு முற்றத்து நெருப்பருகே இராயப்பரை அவருடைய கலிலேயப் பேச்சே காட்டிக்கொடுத்தது. அவர் மறுதலித்தார். நாம் அவரைக் குறை சொல்ல முடியுமா? 1983 ஆடியில் தெருவில் மறித்து, ஒரு சிங்களச் சொல்லைச் சொல்ல வைத்து ஆளை அடையாளம் கண்ட நாட்களை நம்மில் பலர் மறக்கவில்லை.

ஆனால் ஊர் கேட்டு ஆளை நிறுப்பது அந்நியர் மட்டும் செய்யும் காரியமல்ல. நம்மிடையே "எவடம்" என்பதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. முதலில் ஊர், பிறகு குறிச்சி, பிறகு எந்தக் கோவில், பிறகு "ஆற்றை பிள்ளை?" இப்படிப் படிபடியாக இறங்கிச் சாதியைக் கண்டுபிடித்த பின்பே கதிரை எடுத்துப் போடும் வீடுகள் உண்டு. நற்கருணை வாங்கிய அதே நாவினால் இதைக் கேட்கிறோம். பாவசங்கீர்த்தனத்தில் இதை யாராவது சொல்கிறோமா?

அருளப்பர் நற்செய்தியின் தொடக்கத்திலும் இரு சீடர்கள் இயேசுவிடம் அவர் தங்குமிடத்தைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு இயேசு மறுமொழியாக ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. வந்து பார்க்கும்படி அழைத்தார். அவர்கள் அன்று அவரோடு தங்கினார்கள். பழக வேண்டுமென்று கேட்டவர்களுக்கு வாசல் திறந்தது.

மடு மாதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து தப்பி ஓடிய ஏறக்குறைய இருபது குடும்பங்கள் அந்தச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வந்தன என்பது வரலாறு. 2008 சித்திரையில் எறிகணைகளுக்கு நடுவே மாதா தேவன்பிட்டிக்குப் போனார். ஆவணியில் திரும்பி வந்தார். அவரிடம் யாரும் "உண்மையா எவடம்?" என்று கேட்பதில்லை. விழுந்து கும்பிடுகிறோம்.

மரத்தடிக்குத் திரும்புவோம். அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பேசாலையிலிருந்து இலண்டன் வரைக்கும் முழுவதையும் சொன்னாள். ஆச்சி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தன்னுடையதை எண்ணத் தொடங்கினார்: பாஷையூர், 1995 ஐப்பசியில் தென்மராட்சி, அதன்பின் வன்னியில் மூன்று இடம், 2009இல் செட்டிகுளம் முகாம்... விரல்கள் போதவில்லை. இரண்டு பேரும் பேச்சில் இருந்ததால் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் இருவரும் குடித்தார்கள்.