சகவாச தோஷம்

பாட்டி என்னைத் திருடி என்று சொன்னபோது நான் கத்திவிட்டேன். “யாரைப் பாத்து என்ன சொல்ற?” பத்து நிமிடத்தில் அவள் அதை மறந்துபோனாள். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிறகுதான் அல்சைமர் நோயைப் பற்றி வாசித்தேன். எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. முதலில் சிக்கியது டௌ புரதம். 1906இல் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளியின் மூளையில் கண்ட இழைமுடிச்சுகள் இதனால் ஆனவை. ஆனால் டௌ பிறவியிலேயே கெட்டது கிடையாது. நரம்பணுவுக்குள் சரக்கு போகும் நுண்குழல்களைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. கைனேஸ் நொதிகள் அதன்மேல் பாஸ்பேட்டை அளவுமீறி ஏற்றினால் பிடி தளர்கிறது. கழன்றவை ஒன்றோடொன்று ஒட்டுகின்றன; நல்ல டௌவையும் தம் வடிவத்துக்கு இழுக்கின்றன. ஊரில் சொல்வார்களே, சகவாச தோஷம்.

அப்போ கைனேஸ்தான் குற்றவாளியா? அதுவும் இல்லை. அளவாக பாஸ்பேட் ஏறுவது உடம்புக்குத் தேவை. ஏற்றுகிற நொதி, கழற்றுகிற நொதி, மடிப்பைச் சரிபார்க்கும் எச்எஸ்பி70 போன்ற துணைப்புரதங்கள் எல்லாம் சேர்ந்து காக்கும் சமநிலை அது. குலையும்போது இவன்தான் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை.

இது பாட்டியை விடுவிக்கிறது. என்னை விடுவிக்குமா? டௌவுக்கு யாரோடு சேர்வது என்ற தேர்வு இல்லை. பாட்டிக்கும் அன்று என்ன சொல்வது என்ற தேர்வு இல்லை. அந்த அறையில் அது இருந்த ஒரே ஆள் நான். டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி அப்போதே சில மாதங்கள் ஆகியிருந்தன.