வனைந்தவர் யார்?

பானை செய்வதற்குத் தமிழில் 'வனைதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. சுழலும் மண்ணைக் கை உருவமாக்கும் அந்தச் சில நிமிடங்களைத்தான் அச்சொல் முதலில் நினைவூட்டுகிறது. அதற்கு முன்னால் ஏரி மண்ணைக் காயவைத்து, உடைத்து, சலித்து, ஊறவைத்து, மணல் கலந்து மிதிக்க வேண்டும். பின்னால் நிழலில் உலர்த்தி, சூளையில் அடுக்கி, சுமந்துபோய் விற்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் இல்லை. 'கூடமாட ஒத்தாசை' என்பதோடு முடிந்துவிடுகிறது. பெயரில்லாத இந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்களுடையது. 'குயவர்' என்றதும் சக்கரத்தின் முன் அமர்ந்த ஆண் மனதில் வருகிறான். 'குயத்தி' என்றால் அந்தச் சாதியில் பிறந்தவள், அல்லது அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவள். சொல்லின் பெண்பாலில் தொழில் காணாமல் போய்விடுகிறது.

பெரம்பலூரில் என் வீட்டுப் பின்னறையில் மின்சக்கரம் ஒன்றும் சிறிய மின்சூளை ஒன்றும் வைத்துத் தேநீர்க் குவளைகள் செய்கிறேன். அந்தச் சக்கரத்தில் உட்கார என்னை யாரும் தடுத்ததில்லை. ஆனால் தமிழகத்திலும் இந்தியாவின் பல பகுதிகளிலும், தலைமுறை தலைமுறையாக மண்ணோடு வாழ்ந்த குயவர் வீட்டுப் பெண்களுக்குச் சக்கரம் விலக்கப்பட்டே வந்திருக்கிறது. சக்கரம் சாமி, தீட்டுப்படும் என்பது ஒரு காரணம். கோலால் சுழற்றும் பாரமான சக்கரத்துக்குப் பெண்ணுடம்பு தாங்காது என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது காரணத்தை மணிப்பூர் எப்போதோ பொய்யாக்கிவிட்டது. அங்கே ஆண்ட்ரோ என்ற ஊரில் பானை செய்பவர்கள் பெண்கள். சக்கரம் கிடையாது; மண்ணை நடுவில் வைத்து, தட்டி உருவாக்கியபடி அவர்கள்தான் அதைச் சுற்றி நடக்கிறார்கள். தோங்ஜாவோ ஊரின் மண்பாண்டக் கலைஞர் நீலமணி தேவிக்கு 2007இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இங்கே மோட்டார் வைத்த சக்கரம் வந்தபோது உடல்பலம் என்ற சாக்கு போய்விட்டது. ஆனாலும் எத்தனை வீடுகளில் இருக்கையில் ஆள் மாறியிருக்கிறது?

சக்கரத்தில் உட்கார்வது மட்டும்தான் செய்வதா என்ற கேள்விக்கு அரியலூர் மண்ணே பதில் சொல்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலாக இருந்தது. கடலுயிர்களின் புதைபடிவங்களும் சுண்ணாம்புப் பாறையும் அதன் மிச்சம். சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்ததும் அதனால்தான். பானைக்கு இந்தச் சுண்ணாம்பு எதிரி. களிமண்ணில் மிளகளவு சுக்கான் கல் தங்கிவிட்டாலும் சூளைச் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிறது. சூளையிலிருந்து எடுக்கும்போது பானை நன்றாகத்தான் இருக்கும். சில நாட்களில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருக்கும் கல் உப்பும். சுவர் பெயர்ந்து தெறிக்கும். எவ்வளவு தேர்ந்த கை வனைந்திருந்தாலும் அந்தப் பானை வீண். பானை நிலைக்குமா என்பது மண்ணைச் சலித்து, விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கியவரின் கவனத்தில் இருக்கிறது.

அரியலூர்ப் பக்கத்து ஊரில் முப்பது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்யும் அக்கா ஒருவரிடம்தான் நான் மண் வாங்குகிறேன். குவளையின் அடியில் என் பெயரின் முதலெழுத்தோடு அவர் பெயரின் முதலெழுத்தையும் பொறிக்கிறேன். அதைக் காட்டியபோது அக்கா சிரித்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா மழைக்காலத்துல அது சோறு போடுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மழை வந்தால் மண் காயாது, சூளை எரியாது. அந்த மாதங்களுக்கு அரசு தரும் நிவாரணத்துக்குத் தொழிலாளர் அட்டை வேண்டும். அவர் வீட்டில் அட்டை இருப்பது கணவருக்கு மட்டும். பதிவு செய்தபோது அவரும் தொழிலாளி என்பது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. "நீங்க சக்கரத்துல உக்காரணும்னு நெனச்சதில்லையாக்கா?" என்று கேட்டேன். "உக்காந்தா மட்டும் இடுப்புவலி போயிடுமா? எங்க ரெண்டு பேரு வேலையும் வேலைன்னு எழுதச் சொல்லுங்க" என்றார்.

பெண்ணியம் படித்த நாம் மறுக்கப்பட்ட இடத்தைக் கைப்பற்றுவதையே விடுதலையாக எண்ணிப் பழகியிருக்கிறோம். என் சக்கரம் நான் கைப்பற்றியதல்ல, சம்பளத்தில் வாங்கியது. வேறு சாதியில் பிறந்ததால் அந்தத் தீட்டு என்மேல் விழவில்லை. நான் செய்தால் கலை, அக்கா செய்தால் குலத்தொழில். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த தமிழ்நாட்டில், ஒரு குவளை யார் கையில் எப்படி மதிப்புப் பெறுகிறது என்று கேட்காமல் அதைச் செய்ய முடியாது. மண்ணின் விலையோடு, விற்ற ஒவ்வொரு குவளையிலும் அவருக்குப் பங்கு உண்டு என்பதே எங்கள் ஏற்பாடு. இதை உதவி என்று நான் நினைப்பதில்லை. செய்தவர் இருவர், ஆகவே பங்கும் இரண்டு.

சங்கப் பாடல்களில் இரு குரல்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன. புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண், தனக்கும் சேர்த்து அகலமாகத் தாழி செய்யும்படி குயவனை வேண்டுகிறாள். அங்கே பெண் கலத்துக்குள் அடங்க வேண்டியவள். 66ஆம் பாடலைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டவர். அவர் சக்கரத்தில் அமர்ந்தாரா, மண் மிதித்தாரா என்று அவருடைய பெயர் சொல்வதில்லை. ஆனால் வென்றவனுக்கே எல்லாப் பெருமையும் போய்ச் சேர்வதை அவர் ஏற்கவில்லை. அவருடைய ஒரே பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், போர்க்களத்தில் எழுந்த அந்தக் கேள்வி வேலைக்களத்துக்கும் பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது.

சென்ற மாதம் அக்காவின் பெயரில் தனி அட்டைக்கான விண்ணப்பத்தை நிரப்பினோம். தொழில் என்ற இடம் வந்தபோது, "வீட்டுக்காரருக்கு ஒத்தாசைன்னு போடலாமா?" என்று கேட்டார். மண்பாண்டத் தொழிலாளி என்று எழுதினோம்.