பாதியில் நின்ற ஆட்டம் யாருக்கு?

ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்நாட்டின் ஏதாவது ஓர் ஊரில் நடக்கக்கூடிய ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டென்னிஸ் பால் டோர்னமென்ட், அணிக்குப் பத்து ஓவர். முதலில் ஆடிய அணி 80 ரன் எடுத்திருக்கிறது. அடுத்து ஆடும் அணி ஏழு ஓவரில் 60 அடித்துவிட்டது, ஆனால் ஒன்பது விக்கெட் போய்விட்டது. மூன்று ஓவரில் 21 ரன் வேண்டும், கையில் கடைசி ஜோடி. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்கிறது. ஸ்கோர் எழுதும் பையன் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடுகிறான். அரைமணி நேரத்தில் பிட்ச் சேறாகிவிட, இனி ஆட்டம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

மண்டபத்தில் பேச்சு ஆரம்பிக்கிறது. “ஓவருக்கு எட்டு வேணும், நாங்க எட்டரைக்கு மேல அடிச்சிருக்கோம். ஆவரேஜ்படி நாங்கதான் ஜெயிச்சோம்” என்கிறார் பேட்டிங் அணியின் கேப்டன். “ஒரே ஒரு விக்கெட்தான் பாக்கி. இன்னும் ரெண்டு பால் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்” என்கிறார் மற்றவர். இருவரும் பொய் சொல்லவில்லை. சிக்கலே அதுதான். இரண்டு உண்மைகள் எதிரெதிரே நிற்கின்றன, தீர்ப்புச் சொல்ல நடுவில் ஆள் இல்லை. அம்பயராக நின்றவரும் பேட்டிங் அணியின் பையன்தான். சின்ன ஊர்களில் வழக்கமே அப்படி.

இந்தச் சச்சரவு கிராமத்துக்கு மட்டும் உரியதல்ல. 1992 மார்ச் 22 அன்று சிட்னியில் உலகக் கோப்பை அரையிறுதி. இங்கிலாந்தை வெல்ல தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டபோது மழை வந்தது. சில நிமிடங்கள்தான் ஆட்டம் நின்றது. திரும்பி வந்தபோது ஒரே பந்துதான் மிச்சம், 21 ரன் வேண்டும் என்றானது. மைதானப் பலகையோ 22 என்று காட்டியது. முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைக் கழித்து இலக்கைக் குறைக்கும் விதி அது. மெய்டன் ஓவர்கள் போட்ட தென்னாப்பிரிக்காவுக்கு அந்த நல்ல பந்துவீச்சே தண்டனையாக முடிந்தது. அந்த விதி மோசமான விதி என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனாலும் இங்கிலாந்து அன்று அநியாயம் செய்ததாகச் சொல்ல முடியாது. போட்டி தொடங்கும் முன்பே எல்லா அணிகளும் ஏற்றுக்கொண்ட விதி அது. யாரைக் கடிக்கும் என்று தெரியாத நேரத்தில் ஏற்றுக்கொண்டது. விதி முட்டாள்தனமாக இருக்கலாம். அதனால் பலன் அடைந்தவர் திருடர் ஆகிவிட மாட்டார். தோற்றவர் கண்ணீர் விடலாம், அடுத்த முறை விதியை மாற்றச் சொல்லலாம். மாற்றவும் செய்தார்கள். ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் உருவாக்கிய முறை 1997 ஜனவரி 1 அன்று ஹராரேயில் முதன்முதலாகப் பயன்பட்டது. மிச்சமிருக்கும் ஓவரோடு மிச்சமிருக்கும் விக்கெட்டையும் சேர்த்து எடை போட வேண்டும் என்பதே அதன் சாரம். கேரளத்துப் பொறியாளர் வி. ஜெயதேவனும் இதே பிரச்சினைக்கு வேறொரு முறை கண்டார்.

அந்தக் கண்ணால் பார்த்தால், மேலே சொன்ன 60-க்கு ஒன்பது என்ற அணி முன்னிலையில் இல்லை, பின்தங்கித்தான் இருக்கிறது. ஆவரேஜ் விக்கெட்டைக் கண்டுகொள்வதில்லை. ஒன்பது பேர் அவுட்டான அணியையும் ஒருவர்கூட அவுட்டாகாத அணியையும் ஒரே தட்டில் வைத்துவிடும். அதற்காக ஃபீல்டிங் அணி ஜெயித்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 18 பந்தில் 21 என்பது கடைசி ஜோடி எத்தனையோ முறை அடித்து முடித்த கணக்கு. அந்த 18 பந்தும் வீசப்படவே இல்லை.

சிட்னிக்கும் இந்த மண்டபத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: இங்கே விதி மழைக்குப் பிறகு தேடப்படுகிறது. எந்த விதி தன்னை ஜெயிக்க வைக்கும் என்று தெரிந்துகொண்டு ஒவ்வொருவரும் வாதம் செய்கிறார்கள். அதில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் தன் லாபத்தின் கறை இருக்கும். டாஸ் போடும் முன், எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்று தெரியாத நேரத்தில், இதையே விதியாக ஒப்புக்கொண்டிருப்போமா? இந்தக் கேள்வியைக் கேப்டன் தனக்குள் கேட்டுக்கொண்டால் பாதி சத்தம் அடங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. கணக்கு யாருக்குச் சாதகமோ அவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். “இது முடியாத ஆட்டம்” என்று பின்தங்கியவர் சொன்னால் அது கெஞ்சலாகத் தெரியும். ஆவரேஜில் முன்னே நிற்பவர் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்குக் கனம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. கேப்டன் தனி ஆள் இல்லை. நுழைவுக் கட்டணத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பேருக்கு வரவேண்டிய பரிசுப் பணத்தைத் தன் பெருந்தன்மைக்காக விட்டுக்கொடுக்க அவருக்கு என்ன உரிமை? கேள்வி நியாயமானது. கையில் வந்த பரிசு என்றால் நிச்சயம் உரிமை இல்லை. ஆனால் இங்கே வெற்றி இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை. வராத ஒன்றை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அவர் செய்வது, யாருடையதையும் தூக்கிக் கொடுப்பதல்ல. அந்தப் பத்துப் பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்வது இன்னும் நல்லது.

மழை கெடுத்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். மழையை மனிதர் பயன்படுத்திக்கொள்வதைத்தான் பொறுக்கக் கூடாது. மேற்கே மேகம் கறுத்ததும் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுகிற பவுலர், ஒவ்வொரு பந்துக்கும் ஃபீல்டரை இடம் மாற்றுகிற கேப்டன், தூறல் விழுந்ததும் ஆவரேஜைக் கணக்குப் போட்டுவிட்டு “பால் வழுக்குது” என்று ஸ்டம்பைப் பிடுங்கச் சொல்கிற பேட்ஸ்மேன் ஆகியோர் செய்வது எதிரணியின் ஓவர்களைக் களவாடுவது. கிரிக்கெட் சட்டங்களின் 41-ஆவது பிரிவு நேரம் கடத்துவதை முறைகேடு என்றே சொல்கிறது, எச்சரித்த பிறகும் தொடர்ந்தால் தண்டனை உண்டு. சிட்னியிலேயே இதன் மறுபக்கம் நடந்தது. தென்னாப்பிரிக்கா மெதுவாகப் பந்து வீசியதால் இங்கிலாந்தின் இன்னிங்ஸ் 45 ஓவரோடு நின்றது, தென்னாப்பிரிக்காவுக்கு அபராதமும் விழுந்தது. 13 பந்து 22 ரன்னை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கிலாந்து இழந்த 5 ஓவரைப் பெரும்பாலும் நினைப்பதில்லை.

சட்டத்தில் தடை இல்லை என்பதும் போதாது. 1979-இல் இங்கிலாந்தின் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பையில், முதல் நாள் மழையால் தள்ளிப்போன ஆட்டத்தில், சாமர்செட் கேப்டன் பிரையன் ரோஸ் ஒரே ஓவரில் 1 ரன்னோடு டிக்ளேர் செய்தார். இப்படி உடனே தோற்றுவிட்டால் தன் அணி அடுத்த சுற்றுக்குப் போவது உறுதி என்று கணக்கு சொன்னது. விதிப்புத்தகத்தில் அதற்குத் தடை இல்லை. ஆனாலும் சாமர்செட்டைப் போட்டியிலிருந்தே வெளியேற்றினார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை. “மழைக்குப் பயந்து ஓடுறான்” என்ற ஏச்சுக்கு அஞ்சி இடி மின்னலில் திறந்த வெளியில் பிள்ளைகளை நிற்க வைப்பது எந்த நியாயத்திலும் சேராது. இடி கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும், ஸ்கோர் எதுவாக இருந்தாலும். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இரு அணியையும் சேராத ஒருவர், டீக்கடைக்காரரோ ஊர்ப் பெரியவரோ, சொல்வது நல்லது.

பிறகு பரிசு. பணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கலாம். 2002-இல் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் சாம்பியன்ஸ் டிராபி இறுதியாட்டத்தை இரண்டு நாள் மழையில் இழந்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. இறுதியாட்டம் என்பதால் அது முடிந்தது. அரையிறுதியை அப்படிப் பகிர முடியாது, ஒருவர் மேலே போயாக வேண்டும். மறு ஆட்டம்தான் நேரான வழி. ஆனால் பஸ் பிடித்து வந்த வெளியூர் அணியை அடுத்த ஞாயிறும் வரச் சொன்னால் அந்தப் பயணச் செலவை டோர்னமென்ட் கமிட்டி ஏற்க வேண்டும். வர இயலாது என்று அவர்கள் சொன்னால் அதை வாக்ஓவர் என்று எழுதக் கூடாது. அப்போது நாணயத்தைச் சுண்டிவிடலாம், திறமையால் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள அது இடம் தராது. அப்படி மேலே போகும் அணியின் பெயருக்குப் பக்கத்தில் ‘டாஸ்’ என்றே நோட்டில் எழுதி, இரு கேப்டனும் கையெழுத்துப் போட வேண்டும்.