கர்த்தரிடத்தில் விட்டுவிட்டீர்களா?



"கர்த்தர் கையில விட்டுட்டேன்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உபவாச ஜெபத்தில் கண்ணீரோடு பாரத்தை இறக்கி வைக்கிறோம். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே, "அவனுக்கு ஒரு போன் போட்டா என்ன?" என்று யோசனை. இறக்கின மூட்டையைத் திரும்பத் தூக்கியாச்சு!

அப்படியானால் விசுவாசி கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளாகவே விடவில்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை டாக்டரிடம் காட்டாமல் இருப்பதை விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது. (சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) நம்முடைய வேலை எங்கே முடிகிறது, தலையிடுதல் எங்கே தொடங்குகிறது? அதுதான் காரியம்.

ரெபெக்காளைப் பாருங்கள். மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்று பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போதே கர்த்தர் அவளுக்குச் சொல்லிவிட்டார். வாக்குத்தத்தம் கையில் இருக்கிறது. ஆனாலும் கண் மங்கின ஈசாக்கு ஏசாவைக் கூப்பிட்டதும் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆட்டுக்குட்டித் தோலை யாக்கோபின் கையிலும் கழுத்திலும் கட்டி, சொந்தப் புருஷனையே ஏமாற்ற வைத்தாள். "அப்படியும் தேவ வாக்கு நிறைவேறிற்றே?" என்பீர்கள். நிறைவேறிற்று. ஆனால் அந்தக் குடும்பம் என்ன ஆச்சு? அண்ணன் தம்பியைக் கொல்லத் துடித்தான். சில நாள் போயிரு என்று சொல்லித்தான் மகனை ஆரானுக்கு அனுப்பினாள். அந்தச் சில நாள் 20 வருஷம் ஆனது. யாக்கோபு தகப்பனிடம் திரும்பி வந்தது எழுதியிருக்கிறது. தாயைத் திரும்பப் பார்த்தான் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. யாருக்காக அவ்வளவும் செய்தாளோ, அவனையே இழந்தாள்!

இன்னொரு தாய் யோகெபேத். மோசேயை 3 மாதம் ஒளித்து வைத்தாள். அதற்குமேல் முடியவில்லை. அவளும் சும்மா இருக்கவில்லை. நாணற்பெட்டி எடுத்தாள், தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசினாள். அது தாய் செய்யவேண்டிய வேலை. செய்தாள். அப்புறம் ஆற்றோரத்து நாணலில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாளே, அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பார்வோனுடைய குமாரத்தியின் மனசை மாற்றுவது அவள் வேலை இல்லை. அரண்மனைத் தாதிக்குக் காசு கொடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை. தன் பிள்ளைக்கே பால் கொடுக்கச் சம்பளமும் வாங்கினாள்! அந்த வழியை எந்தத் தாயால் முன்கூட்டி யோசித்திருக்க முடியும்?

ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னேன். வயதான ஒரு தாயார் இருந்தார்கள். மகன் பேச்சுவார்த்தையை நிறுத்தி ரெண்டு வருஷம். சொந்தக்காரர் மூலமாகத் தூது மேல் தூது அனுப்பி, ஒவ்வொன்றும் மனஸ்தாபத்தைக் கூட்டித்தான் விட்டது. கேட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னார்கள்:

"பாஸ்டர், அந்தப் பிள்ளையோட அக்கா தூரத்துலதான் நின்னா. ஆனா வீட்டுக்குப் போயிடலையே."

இப்போது அவர்கள் தூது அனுப்புவதில்லை. கிறிஸ்மஸுக்கு மட்டும் ஒரு வாழ்த்து அட்டை, ஒரு டப்பா முறுக்கு. மகன் இன்னும் வரவில்லை. உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.