வழிகாட்டி சொல்லாமல் விடுவது

திருகோணமலை உள்துறைமுகத்தை ஒட்டிய மேடு ஓர்ஸ் ஹில். ஊரார் உவர்மலை என்பார்கள். வீடுகள், பாடசாலை, இராணுவ முகாம் எல்லாம் அங்கே அக்கம்பக்கமாக இருக்கின்றன. இராணுவம் அங்கே ஓர் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறது. வான் பிடித்து, வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு போர்க்கால இடங்களைப் பார்க்க வருகிறவர்கள் அதையும் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டை, சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள், கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் ஹூட்ஸ் டவர், நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானம் என்று ஒரு நாளில் சுற்றி முடித்துவிடலாம். மாலையில் கடலில் குளிக்கவும் நேரம் இருக்கும்.

அந்த ஒரு நாளுக்குக் காசு கொடுப்பவர் வாங்குவது ஒரு பாதையை. வான் எங்கே நிற்கும், எதை நிற்காமல் கடந்துபோகும் என்பதை யாரோ முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்துக்கு யார் பொறுப்பு? பெரும்பாலும் வழிகாட்டியைக் கைகாட்டுவார்கள். அது சரிதானா என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. மனிதர் செத்த இடத்தைச் சுற்றிப் பார்ப்பதே பாவம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகலாம், வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது என்ற நம் பழைய உணர்வு அது. அதை மதிக்க வேண்டும், ஆனால் முழுதாக ஏற்க முடியாது. போய்ப் பார்க்க இடமே இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை வன்னியில் பார்த்துவிட்டோம். போருக்குப் பின் சில ஆண்டுகள், புதுக்குடியிருப்பில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனுடையது என்று காட்டப்பட்ட நிலவறைக்குச் சனங்கள் பஸ் பஸ்ஸாக வந்து போனார்கள். 2013 ஒக்டோபரில் இராணுவம் அதை வெடிவைத்துத் தகர்த்தது. வேடிக்கை நின்றது உண்மைதான். அந்த இடத்தைப் பற்றி இனி எவரும் கேட்கக்கூடிய கேள்விகளும் அதோடு புதைந்தன. ஒரு பயணி எவ்வளவு மேலோட்டமாக வந்தாலும் கண்ணால் பார்த்த இடத்தைப் பற்றி ஒரு நாள் கேட்கக்கூடும். ஆகவே போவதில் குற்றம் இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் சிக்கல்.

இந்தப் பயணத்தில் மிகவும் எளிதான பகுதி 1942. ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள் 9ஆம் தேதி திருகோணமலைக்கு வந்தன. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளில் இன்று 99 நிற்கின்றன. ஒரு விமானம் தாங்கி ஒன்றின் மேல் வந்து விழுந்த கதையை வழிகாட்டிகள் உற்சாகமாகச் சொல்வார்கள். அதைச் சொல்வதால் யாருக்கும் வலிக்காது, யாரும் வழக்குப் போடமாட்டார்கள். அடித்தவன், அடிபட்டவன் இருவரும் அந்நியர்.

நிலாவெளி வீதியிலுள்ள மயானம் மட்டும் அந்த எளிமையைக் கலைக்கிறது. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பொறுப்பில் இருக்கும் இடம் அது. இறந்தவர் அதிகாரியா, சிப்பாயா, எந்த மதம், எந்த நிறம் என்று பார்க்காமல் ஒரே மாதிரிக் கல், ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர் என்பது ஆணைக்குழு வைத்திருக்கும் நெறி. எங்கோ பிறந்து இங்கே வந்து செத்தவனுக்குப் புல் வெட்டி, கல் துடைத்து வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதே மண்ணில் பிறந்து வளர்ந்து செத்த பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. வடக்கு, கிழக்கில் இறந்த புலிகளைப் புதைத்திருந்த மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தின் கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் எழுந்தது. புலிகள் செய்தவற்றை ஏற்காத ஒரு தாய்க்கும் தன் மகனைப் புதைத்த இடம் வேண்டும். இறந்தவர் எவருக்கும் மரியாதை உண்டு என்ற நெறியை நிலாவெளி வீதியில் பார்த்து வியக்கும் பயணி, அது எங்கே நின்றுபோகிறது என்றும் கவனிக்க வேண்டும்.

ஓர்ஸ் ஹில் அருங்காட்சியகத்துக்கு வருவோம். படைகள் பயன்படுத்திய ஆயுதங்களும் புலிகளிடமிருந்து கைப்பற்றியவையும் அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. தன் வரலாற்றைக் காட்டவும் தன் இறந்தோரை நினைக்கவும் ஓர் இராணுவத்துக்கு உரிமை உண்டு. 2006 ஒக்டோபரில் ஹபரணைக்கு அருகே திகம்பதானவில் லொறிக் குண்டு வெடித்து ஏறத்தாழ நூறு கடற்படையினர் இறந்தார்கள். பெரும்பாலோர் விடுமுறையில் வீட்டுக்குப் போகவோ திரும்பவோ பஸ்ஸில் இருந்தவர்கள், கிராமத்துப் பிள்ளைகள். அவர்களை நினைக்க வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, வரவும் கூடாது.

ஆயுதங்களை மட்டும் காட்டுவதில்தான் குறை இருக்கிறது. துப்பாக்கியைப் பார்க்கிறவனுக்கு அதன் நீளம் தெரியும், தேய்மானம் தெரியும், செய்த நாடு தெரியும். அதன் முன்னால் நின்றது யார் என்று தெரியாது. கைப்பற்றிய ஆயுதங்களின் வரிசை எதிரி எவ்வளவு பயங்கரமானவன் என்று சொல்கிறது, அவனை வென்றவன் எவ்வளவு திறமையானவன் என்று சொல்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. இடையில் அகப்பட்ட சனம் அந்தக் கூடத்துக்குள் வருவதே இல்லை. பிள்ளைகளைப் பீரங்கிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கும் பெற்றோரைக் குறை சொல்வதிலும் பெரிய நியாயம் கிடையாது. அந்தக் கூடம் அவர்களுக்குச் செய்யக் கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

வான் நிற்காமல் போகும் இடங்கள் அங்கிருந்து வெகுதூரத்தில் இல்லை. 2006 ஜனவரி 2 மாலை, நகரத்துக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று அதிகாரத் தரப்பு சொன்னது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டும் படங்களை எடுத்தவர் சுடர் ஒளியின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் தேதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006இல் ஓகஸ்ட் 4 அன்று, குடாவின் மறுகரையில் மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான பட்டினிக்கு எதிரான அமைப்பின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஹூட்ஸ் டவர் இருக்கும் அதே கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பு அறைகள் இருந்ததை, 2015 நவம்பரில் வந்த ஐ.நா.வின் காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான செயற்குழு நேரில் பார்த்தது. 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 பேர் அந்தத் தளத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது கடற்படையினர் மீது தொடுக்கப்பட்ட வழக்கின் சாரம். ஹூட்ஸ் டவரில் பழைய பீரங்கியைப் பார்க்க வருகிற பயணி, அனுமதி வாங்கி, அந்தத் தளத்துக்குள்தான் நுழைகிறார்.

இவற்றை மட்டும் சேர்த்து 'மறுபக்கச் சுற்றுலா' ஒன்றை அமைத்தால் நேர்மையாகிவிடுமா? ஆகாது. 1995 மே மாதம் இதே மாவட்டத்தில் கல்லராவ என்ற கரையோரக் கிராமத்தில் புலிகள் சிங்களப் பொதுமக்களைக் கொன்றார்கள், குழந்தைகள் உட்பட. 2006இல் மூதூருக்குள் சண்டை வந்தபோது முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு நடந்தார்கள். தமிழ் வழிகாட்டி ஒருவர் இவற்றைத் தாண்டிப் போனால், இராணுவக் கூடம் செய்வதைத்தான் அவரும் செய்கிறார். தன் காயத்தை மட்டும் காட்டுவது மனித இயல்பு. அந்த இயல்பை வரலாறு என்று விற்கும்போது அது தவறாகிறது.

அப்படியென்றால் வழிகாட்டி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதுதான் முடிவா? காசு வாங்கியவர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற வாதம் கேட்க நேராக இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை வைப்பவர் நாளைக் காலையில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிவிடுவார். வழிகாட்டி இங்கேயே இருப்பார். அவருடைய உரிமம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் கையில். தளத்துக்குள்ளும் முகாமுக்குள்ளும் அவர் நாளைக்கும் இன்னொரு குழுவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வாசலில் நிற்பவர்களுக்கு அவர் முகம் தெரியும். 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று ஆட்சிக்கு வந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊர்ச் சனங்களுக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை குறைவு, காரணமும் உண்டு. 2024 மே மாதம் சம்பூர்ப் பகுதியில், போரின் இறுதியில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நான்கு பேர் கைது செய்யப்பட்டார்கள். அரிசியும் உப்பும் போட்ட கஞ்சிக்கே அந்தக் கதி என்றால், சம்பளத்துக்கு வரலாறு சொல்பவர் ஏன் அளந்து பேசுகிறார் என்று விளங்கும்.

இங்கே புலம்பெயர்ந்த தமிழர்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. டொரொண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வருகிறவர்கள் இந்த ஊர்களைப் பார்க்கத் துடிப்பதில் நியாயம் உண்டு. அது அவர்களுடைய வரலாறும்தான். ஆனால் வானில் ஏறியதும் சிலர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, உங்கதானே அந்தப் பெடியளைச் சுட்டவங்கள்? யார் செய்தது எண்டு சொல்லுங்கோ" என்று கேட்கிறார்கள். அண்ணை "அது நடந்து கனகாலம், தம்பி" என்று சொல்லி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனால், இவருக்குப் பயம், இல்லாவிட்டால் இவர் அவங்களோட ஆள் என்று பின்னால் இருந்து முணுமுணுப்பு எழும். கேட்டவர் பாதுகாப்பான நாட்டில் வாழ்கிறார். அவர் தேடி வந்த செய்தி அவர் வாழும் நகரத்து நூலகத்தில், ஐ.நா. அறிக்கைகளில், மனித உரிமை அமைப்புகளின் ஆவணங்களில் பெயரோடும் தேதியோடும் இருக்கிறது. அதை வாசிக்கும் உழைப்பைத் தவிர்த்துவிட்டு, இன்னொருவரின் வாயிலிருந்து, அவருடைய ஆபத்தில், அதைக் கறந்தெடுப்பது கொடுமை. உள்ளம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் கொடுமைதான். அந்தக் காணொளி இணையத்தில் ஏறிவிட்டால் வழிகாட்டியின் குரலை யாராலும் திரும்பப் பெற முடியாது.

அறியும் சுமை பயணியுடையது. வருவதற்கு முன் அவர் அதைச் சுமந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு வருகிறவருக்கு வழிகாட்டியின் மௌனமும் ஒரு தகவல்தான். எந்த இடத்தில் பேச்சு குறைகிறது, எங்கே வான் வேகம் எடுக்கிறது என்பதை அவர் கவனித்துக்கொள்வார்.

இதனால் வழிகாட்டிக்கு எந்தக் கடமையும் இல்லை என்று ஆகிவிடாது. சொல்லாமல் விடுவதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. காந்தி சிலைக்கு அருகே செத்த மாணவர்கள் தாங்கள் வைத்திருந்த குண்டால் செத்தார்கள் என்று ஒருவர் பயணிகளிடம் சொன்னால், அது பயத்தால் வந்த மௌனத்தில் சேராது. அந்தக் கதையைப் பொய்யென்று காட்டிய சில வாரங்களில் ஒரு மனிதர் கொல்லப்பட்டிருக்கிறார். அதைத் திரும்பச் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தத் தொழிலிலும் இல்லை. மௌனம் காத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு, பொய்யை விற்க இல்லை.

வேறு நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் பெல்ஃபாஸ்டைக் காட்டுவார்கள். அங்கே ஒரு சுற்றுலாவில், சிறையிலிருந்த குடியரசுவாதி ஒருவர் தன் தெருக்களைக் காட்டிவிட்டு, இரு சமூகங்களையும் பிரிக்கும் மதிலருகே பயணிகளை எதிர்த்தரப்பில் சிறையிருந்த இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார். தென்னாபிரிக்காவின் ரொபன் தீவுச் சிறையை அங்கே அடைபட்டிருந்தவர்களே காட்டியிருக்கிறார்கள். கேட்கும்போது ஆசையாக இருக்கிறது. உவர்மலையில் ஒரு தமிழர் தொடங்கி, மூதூரில் ஒரு முஸ்லிம் தொடர்ந்து, கரையோரக் கிராமத்தில் ஒரு சிங்களவர் முடித்துவைக்கும் பயணத்தைக் கற்பனை செய்யலாம். ஆனால் பெல்ஃபாஸ்டில் 1998 உடன்படிக்கையும் அதன்படி கைதிகள் விடுதலையானதும் முன்னால் வந்தன. ரொபன் தீவில் ஆட்சியே மாறியது. பேசுபவனைச் சட்டம் தொடாது என்ற உறுதி கிடைத்த பிறகுதான் அங்கே பேச்சு சுற்றுலாவாயிற்று. இங்கே அந்த வரிசையை மாற்றி, முதலில் வழிகாட்டிகளைத் துணிச்சலாகப் பேசச் சொல்வது அவர்களைப் பலிகொடுப்பதாகும்.

அதுவரைக்கும் செய்யக்கூடியவை சிறியவைதான். ஒரு வழிகாட்டி பயணம் தொடங்கும்போதே, "1942 வரைக்கும் நான் சொல்லுவன், அதுக்குப் பிறகு இடங்களை மட்டும் காட்டுவன்" என்று சொல்லிவிடலாம். தன் எல்லையைத் திறந்து சொல்வதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. கேட்பவருக்கும் தான் வாங்குவது பாதியைத்தான் என்று தெரிந்துவிடும். பயண முகவர்கள் தங்கள் தாளில் காந்தி சிலை இருக்கும் கடற்கரையை ஒரு நிறுத்தமாகப் போடலாம், விளக்கம் ஏதும் எழுதாமலே. ஜனவரி 2 அன்று அங்கே ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். அது நகரத்தின் நடுவே உள்ள பொது இடம். அங்கே போக அனுமதியும் தேவையில்லை, நுழைவுச்சீட்டும் தேவையில்லை. வழிகாட்டியை வானிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, வாசித்து அறிந்ததோடு பயணி தனியே நடந்து போகலாம்.