கருவறையில் கூட இருந்த உயிர்



பாகவதம் கேட்க உட்கார்ந்திருக்கிறோம். கங்கைக் கரையில் ஏழு நாள் உட்கார்ந்து இதைக் கேட்டவன் பரீட்சித்து மகாராஜா. அவன் சாபம் வாங்கிய கதை நாளைக்கு வரும். இன்று, அவன் தாய் வயிற்றில் இருந்தபோது நடந்ததைப் பார்ப்போம்.

பாரத யுத்தம் முடிந்துவிட்டது. அபிமன்யு போய்விட்டான். அவன் மனைவி உத்தரை கர்ப்பிணி. பாண்டவ வம்சத்துக்கு மிச்சம் அந்தக் கரு ஒன்றுதான். அதையும் அழிக்க அசுவத்தாமன் பிரம்மாஸ்திரத்தை விடுகிறான். உத்தரை கண்ணனிடம் ஓடி வருகிறாள். தான் எரிந்துபோனாலும் சரி, கர்ப்பம் விழுந்துவிடக் கூடாது என்று கதறுகிறாள். இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணன் அந்தக் கர்ப்பத்துக்குள்ளேயே போய் நின்றான். அஸ்திரத்தின் வெப்பத்தில் தவித்துக்கொண்டிருந்த சிசு, தனக்கு எதிரே கட்டைவிரல் அளவில் ஓர் உருவத்தைப் பார்த்தது. பொன் கிரீடம், மின்னுகிற பட்டாடை, நான்கு கைகள். கதாயுதத்தைச் சுழற்றியபடி தன்னைச் சுற்றிச் சுற்றி வருகிற இவர் யார் என்று அது யோசித்தது. வெப்பம் அடங்கியது. குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த உருவம் மறைந்துவிட்டது.

பிறந்த பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தது தெரியுமா? யாரைப் பார்த்தாலும், உள்ளே என்னோடு இருந்தவர் இவர்தானோ என்று முகத்தை உற்று உற்றுப் பார்த்ததாம். சூத பௌராணிகர் இதை முதல் ஸ்கந்தத்திலேயே சொல்லிவிடுகிறார்.

பரீட்சித்து தேடியது பரமாத்மாவை. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வயிற்றில் கூட இருந்தவரைப் பிறந்த பிறகு காணோம் என்றால் குழந்தை தேடும் என்று பாகவதம் ஒப்புக்கொள்கிறது பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறேன். இரட்டைக் கருவாகத் தரித்து, ஒன்று வயிற்றிலேயே போய், ஒன்று மட்டும் பிறந்த பிள்ளைகளைப் பற்றி. இந்தக் கூட்டத்திலேயே அப்படிப்பட்ட தாய்மார்கள் இருக்கலாம். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்ல யாரும் இடம் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

இத்தாலியில் அலெசாண்ட்ரா பியோன்டெல்லி என்று ஒரு மனநல மருத்துவர். வயிற்றில் இருக்கும் சிசுக்களை ஸ்கேனில் பொறுமையாகக் கவனித்து, அதே குழந்தைகள் பிறந்து வளர்வதையும் தொடர்ந்து பார்த்து, 1992-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு சிறுவனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்றரை வயது. ஓர் இடத்தில் நிற்க மாட்டான், தூங்க மாட்டான். டாக்டரின் அறைக்குள் வந்தவன் மூலைமுடுக்கெல்லாம் துழாவினான். அங்கே இருந்த பொருள்களை எடுத்து எடுத்து உலுக்கினான், அவற்றுக்கு உயிர் வரவேண்டும் என்பது போல. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருக்கிறதே என்று அந்த அம்மையார் சொன்னதும் பெற்றவர்கள் அழுதுவிட்டார்கள். இவன் இரட்டையில் ஒருவன். பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு மற்றவன் வயிற்றிலேயே இறந்துவிட்டான். அந்த இரண்டு வாரமும் இவன் அசையாத அந்த உடம்போடுதான் உள்ளே இருந்திருக்கிறான்.

இதை ஒரு டாக்டரின் அனுபவமாகத்தான் சொல்கிறேன், எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் விதியாக அல்ல. ஆனாலும் வயிற்றுக்குள் ஒன்றுக்கு ஒன்று துணை என்பது வெறும் கற்பனை இல்லை. 2010-இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் ஐந்து ஜோடி இரட்டைச் சிசுக்களை ஸ்கேனில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பதினான்காவது வாரத்திலேயே ஒன்றை நோக்கி ஒன்று கையை நீட்டுகிறது. பதினெட்டாவது வாரத்தில் அது இன்னும் கூடுகிறது. தன் கண் பக்கம் கையைக் கொண்டுபோகும்போது எவ்வளவு நிதானம் இருக்கிறதோ, மற்றதைத் தொடும்போதும் அவ்வளவு நிதானம்.

நம் மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கரு மாதம் மாதமாக எந்தெந்த ஆபத்தில் தப்பி வருகிறது என்று வரிசையாகப் பாடியிருக்கிறார். முதல் மாதத்துக்கு அவர் சொல்லும் ஆபத்து என்ன தெரியுமா? தான்றிக்காய் அளவில் இருக்கும்போதே கரு இரண்டாகப் பிளவுபடுவது. உரையாசிரியர்கள் அப்படித்தான் பொருள் சொல்கிறார்கள். ஸ்கேன் இல்லாத காலத்தில், உள்ளே நடப்பதை நினைத்து உருகிய மனசு அது. நாம் பிறந்து வந்ததையே அடியார்கள் 'பிழைத்து வந்தது' என்றுதான் சொன்னார்கள்.

இப்போது ஸ்கேன் வந்துவிட்டது. அதிலும் செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டவர்களுக்கு ஆறு ஏழு வாரத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். "ரெண்டு இருக்கும்மா" என்கிறார்கள். வீடே கொண்டாடுகிறது. அடுத்த ஸ்கேனில் ஒன்றுக்குத் துடிப்பு இல்லை. இரட்டையாகத் தொடங்கும் கர்ப்பங்களில் சுமார் நூற்றுக்கு இருபது முப்பதில் இப்படி ஆகிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அந்தக் கரு உடம்பிலேயே கரைந்துவிடும். இரண்டுக்கும் நஞ்சு தனித்தனியாக இருந்து, இவ்வளவு சீக்கிரம் நடந்தால், மற்ற பிள்ளை பொதுவாக நல்லபடியாகவே பிறக்கிறது. பயப்பட வேண்டாம்.

ஒரே நஞ்சைப் பகிர்ந்துகொண்ட பிள்ளைகள் விஷயம் வேறு. அங்கே இரண்டு பேரின் ரத்தக்குழாய்களும் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கும். கர்ப்பத்தின் பிற்பாதியில் ஒன்று இறந்தால், உயிரோடு இருக்கும் பிள்ளையின் ரத்தம் திடீரென்று அந்தப் பக்கம் வழிந்துவிடலாம். மூளைக்கு ரத்தம் குறைந்து, ஏறத்தாழ நாலில் ஒரு பிள்ளைக்கு நரம்பு சம்பந்தமான பாதிப்பு வருகிறது. பெருமூளை வாதமும் அதில் சேரும். அதனால் அந்தத் தாய்மார்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்து, குழந்தை டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். நேர்த்திக்கடன் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த ரத்த விஷயத்தை வைத்துத்தான் சில வீடுகளில் ஒரு கொடுமையான பேச்சு வருகிறது. "இவன் வயித்துக்குள்ளயே அவன் பங்கையும் தின்னுட்டுப் பொறந்தவன்." விளையாட்டாகச் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்கிறார்கள். ஐயா, ஒரே நஞ்சைப் பகிரும் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தில் ரத்தம் ஒரு பக்கமாகப் பாய்வது உண்டு. அதிகம் கிடைத்த பிள்ளைக்கும் இதயம் தாங்காமல் ஆபத்துதான். அங்கே எடுத்தவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை காதில் விழுகிற மாதிரி இந்தப் பேச்சைப் பேசுவது பாவம். சந்தேகமில்லாமல் பாவம்.

அதேபோல் இன்னொரு பக்கமும் போகக் கூடாது. எப்போதும் தனிமையாக உணர்கிறேன், எதையோ இழந்த மாதிரி இருக்கிறது, அதனால் எனக்கும் கருவில் ஒரு இரட்டை இருந்திருக்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் புத்தகங்களும் வந்துவிட்டன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏழு வாரக் கருவுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளும் மூளை இன்னும் உருவாகவில்லை. தனிமை எல்லா ஜீவனுக்கும் உண்டு. அதற்கு இல்லாத ஒரு சகோதரனைக் காரணமாக்க வேண்டியதில்லை.

ஆனால் உண்மையாகவே இழந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் ஜோன் உட்வர்ட் என்ற மனநல ஆலோசகர், தானே சிறு வயதில் தன் இரட்டைச் சகோதரியை இழந்தவர், இப்படி ஒற்றையாகிப்போன இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார். பிறப்போடு இழந்தவர்களும் அதில் உண்டு. 1989-இல் அவர்களுக்காக ஒரு அமைப்பையே தொடங்கினார். அந்த அம்மையார் பார்த்தவரை, பெற்றவர்கள் அந்த இழப்பை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதே பிள்ளையின் மனசைப் பெரிதும் தீர்மானித்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குப் பிறந்த நாள் எதுவோ அதுதான் அம்மாவுக்குத் துக்க நாள். எல்லோரும் கேக் வெட்டச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், அம்மா மட்டும் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். காரணம் யாரும் சொல்வதில்லை. தன்னால்தான் அம்மா அழுகிறாள் என்று பிள்ளை முடிவு செய்துகொள்கிறது.

எல்விஸ் பிரெஸ்லியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உலகமே கொண்டாடிய அமெரிக்கப் பாடகர். 1935 ஜனவரி 8-ஆம் தேதி, டுப்பலோ என்ற ஊரில், இரண்டே அறை கொண்ட ஒரு சின்ன வீட்டில் பிறந்தார். அவருக்கு முப்பத்தைந்து நிமிடம் முன்னால் ஜெஸ்ஸி என்ற அண்ணன் உயிரில்லாமல் பிறந்தான். ஏழைக் குடும்பம். பெயர் பொறித்த கல்கூட இல்லாமல் புதைத்தார்கள். ஒருவன் போனால் இருக்கிறவனுக்கு இரண்டு பேர் பலமும் வரும் என்று தாய் கிளாடிஸ் சொல்வாராம். அன்பில் சொன்னதுதான். ஆனால் ஒரு பிள்ளையின் தலையில் இரண்டு பேர் வாழ்க்கையை ஏற்றுவது சின்னச் சுமை இல்லை. பிற்காலத்தில் அவர் வாங்கி வாழ்ந்த வீட்டுத் தோட்டத்தில் குடும்பத்தார் சமாதிகளோடு ஜெஸ்ஸிக்கும் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அந்தப் பெயரை அந்தக் குடும்பம் விட்டுவிடவில்லை.

இனி தேவகியிடம் வருவோம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தேவகியின் முதல் ஆறு பிள்ளைகளைக் கம்சன் கொன்றான். ஏழாவது கர்ப்பம் கலைந்துவிட்டது என்று ஊர் நினைத்தது. அது ரோகிணி வயிற்றுக்கு மாறிப் பலராமனாகப் பிறந்தது. எட்டாவது கண்ணன். கம்சன் செத்து, துவாரகை எழுந்து, பிள்ளைகள் பெரியவர்களாகி எத்தனையோ காலம் ஆன பிறகு, ஒருநாள் தேவகி கண்ணனிடமும் பலராமனிடமும் கேட்கிறாள். குருவின் இறந்த மகனை எமலோகத்திலிருந்து மீட்டுக்கொண்டு வந்தீர்களாமே, எனக்கும் அந்த ஆறு பேரைக் காட்டுங்கள் என்று.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு பிள்ளை போய் ஒரு பிள்ளை தங்கின தாயிடம் நாம் என்ன சொல்கிறோம்? "ஒண்ணாவது தங்குச்சேன்னு சந்தோஷப்படும்மா." தேவகிக்குத் தங்கின பிள்ளை யார்? சாட்சாத் பரமாத்மா! அவனைப் பெற்றவளுக்கே அந்த ஆறு பேர் மறக்கவில்லை. ஒரு பிள்ளையின் இடத்தை இன்னொரு பிள்ளை, அது பகவானே ஆனாலும், நிரப்ப முடியாது.

கண்ணன் என்ன செய்தான்? அர்ச்சுனனுக்கு அழாதே என்று பதினெட்டு அத்தியாயம் சொன்னவன், பெற்றவளிடம் ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை. நான் ஒருவன் இருக்கிறேனே, போதாதா என்று கேட்கவில்லை. அண்ணனும் தம்பியுமாகச் சுதல லோகத்துக்குப் போய், பலிச் சக்கரவர்த்தியிடம் கேட்டு, ஆறு பேரையும் அழைத்து வந்து தாய் மடியில் விட்டார்கள். அவள் மார்பில் பால் சுரந்தது. மடியில் வைத்துப் பால் கொடுத்தாள், உச்சி முகர்ந்தாள். அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் எல்லோரையும் வணங்கிவிட்டுத் தேவலோகம் போனார்கள். இந்தத் தடவை அவளும் போக விட்டாள்.

தப்பிப் பிழைத்த பிள்ளையே போய், தப்பாத பிள்ளைகளை அம்மாவுக்குக் காட்டியது என்றுதான் நான் இந்தக் கதையை வாசிக்கிறேன்.

நம் வழக்கத்தில், வயிற்றிலேயே போன பிள்ளைக்குத் திதி கிடையாது, திவசம் கிடையாது. திவசம் தேவைப்படும் அளவுக்குக் கர்ம பந்தம் அந்த ஜீவனுக்கு இல்லை என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். சரிதான். ஆனால் கரு கலைந்தால் எத்தனை மாதமோ அத்தனை நாள் தாய்க்குத் தீட்டு என்று மனு ஸ்மிருதி சொல்கிறது. அவளுக்கு ஒன்று நடந்திருக்கிறது என்று சாஸ்திரத்துக்குத் தெரிகிறது. நமக்குத்தான் தெரிவதில்லை. திதி இல்லை என்றால் துக்கமும் இல்லை என்று நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

நைஜீரியாவில் யொருபா மக்கள் இருக்கிறார்கள். உலகத்திலேயே இரட்டைப் பிள்ளைகள் மிக அதிகமாகப் பிறக்கும் சமூகங்களில் ஒன்று. இரட்டையில் ஒன்று இறந்தால் 'இபேஜி' என்று ஒரு மரப்பாவை செதுக்குவது அவர்கள் மரபு. தாய் அதைக் குளிப்பாட்டுவாள், துணி உடுத்துவாள், சோறு வைப்பாள். இருவருக்கும் ஆத்மா ஒன்று, போனவனைப் பட்டினி போட்டால் இருப்பவனுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. நாம் பாவை செதுக்க வேண்டாம். ஆனால் பிள்ளையின் பிறந்தநாள் காலையில் அந்த இன்னொரு பிள்ளைக்காகச் சாமி முன் ஒரு விளக்கு ஏற்ற எந்தச் சாஸ்திரமும் தடை சொல்லவில்லை. மனம் இருந்தால் ஒரு பெயரும் வையுங்கள்.

பிள்ளையிடம் எப்போது சொல்வது என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் சொல்லிவிடுங்கள். பெரியவனான பிறகு ஏதோ கல்யாண வீட்டில் அத்தை வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. மடியில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "நீ அம்மா வயித்துல இருந்தப்போ உன்கூட இன்னொரு பாப்பா இருந்துச்சு. அதுக்கு முடியாமப் போய்ச் சாமிகிட்டப் போயிடுச்சு. அதுக்கு நீ ஒண்ணுமே பண்ணல." கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். அவன் திரும்பத் திரும்பக் கேட்டால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

வீட்டில் மாமியாராக, அம்மாவாக, பாட்டியாக இருக்கிறவர்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகளோ மருமகளோ இப்படி ஒரு பிள்ளையை இழந்தவளாக இருந்தால், அது பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்திருந்தாலும் சரி, இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அவள் பக்கத்தில் உட்காருங்கள். வெளியூரில் இருந்தால் போன் போடுங்கள். "அந்தப் பிள்ளையைப் பத்திச் சொல்லும்மா, நான் கேக்கறேன்" என்று சொல்லுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை நடுவில் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாதீர்கள்.