நாடு என்னும் இல்லம்

1926 முதல் 1948 வரை ஜாமியா மில்லியாவின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஜாகிர் உசேன், 1967 மே 13 அன்று குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, பாரதம் முழுவதும் தம் இல்லம், அதன் மக்கள் தம் குடும்பம் என்று உரைத்தார். பிறந்த மண்ணைவிட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இச்சொற்கள் இனிக்கின்றன. எனினும், இனிமையில் மயங்காது அவற்றை ஆராய்தல் வேண்டும்.

நாட்டைக் குடும்பமாக உருவகிப்பதில் ஓர் இடர் உண்டு. குடும்பத்தில் மூத்தோர் சொல்லை மறுப்பது அரிது; குடிமக்களோ கேள்வி கேட்கும் உரிமை உடையவர்கள். இவ்வுருவகம் அவர்களைச் சிறு பிள்ளைகளாக்கிவிடாதா?

விடை அவ்வுரையிலேயே உள்ளது. இக்குடும்பத்தின் தலைமையை மக்களே தமக்கு ஒரு குறிப்பிட்ட காலத்திற்கு அளித்துள்ளனர் என்றும் அவர் கூறினார். எந்த வீட்டிலும் பிள்ளைகள் தந்தையைத் தேர்ந்தெடுப்பதில்லை. தந்தை என்னும் நிலைக்குக் கால வரம்பும் இல்லை. உருவகம் பொருந்தாத அவ்விடத்திலேதான் குடியாட்சியின் அறம் துலங்குகிறது.

அந்த இல்லத்தை வலிவும் எழிலும் உடையதாக்க முயல்வதாகவும் அவர் சொன்னார். அம்முயற்சி தலைவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நாமும் வாழும் ஊரில் விருந்தினராய் ஒதுங்கி நில்லாது, அதன் நலம் பேணுவதும், குறை கண்டவிடத்து எடுத்துரைப்பதும் கடமையெனக் கொள்வோமாக.